டயர் கடைக்குப் போய்வந்த சக்கரம்

சக்கரத்தில் விழுந்த காயத்தைப் பெரும்பாலோர் கடையில் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாள் கழித்து, வண்டியைக் கழுவும்போதுதான் பார்க்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. நான்கு டயரும் தேய்ந்துவிட்டன என்று சென்னையில் ஒரு கடையில் புதிதாக மாற்றினேன். கருப்புப் பாலிஷ் பூசிய டயர்களோடு வண்டி பளபளவென்று வீடு திரும்பியது. மூன்றாம் நாள் ஈரத்துணியால் துடைக்கும்போது முன் வலப்பக்கச் சக்கரத்தின் விளிம்பில் விரல் நகம் தட்டியது. அரிசி மணி அளவுக்கு ஒரு வெட்டு. குனிந்து பார்த்தால், அதே சக்கரத்தின் வெளி விளிம்பை ஒட்டி முக்கால் வட்டத்துக்கு ஒரு மெல்லிய கோடு ஓடியிருந்தது. கடைக்குப் போனேன். "சார், இது ஏற்கெனவே இருந்தது" என்றார்கள். இல்லை என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. இருந்தது என்று காட்ட அவர்களிடமும் எதுவும் இல்லை.

டயர் கடைத் தகராறுகள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுபோகின்றன. குரல் உயர்ந்தவர் ஜெயிக்கிறார். அல்லது இரு தரப்பும் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். நானும் முதல் நாள் விட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் மனம் ஆறவில்லை. டயர் கழற்றும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பல மணி நேரம் கவனித்தேன். அலாய் சக்கரம் பழுது பார்க்கும் பட்டறைக்காரர்களிடம் பேசினேன். சட்டத்தையும் தேடிப் படித்தேன். காயம் எப்படி விழுகிறது, யாரால் விழுந்தது என்று சொல்ல முடியுமா, யார் ஈடு கட்ட வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை இருக்கிறது என்பதே நான் வந்து சேர்ந்த இடம். அந்த விடை, கடைக்குள் வண்டி நிற்கும் முதல் அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. அந்த நேரத்தைத் தவறவிட்டுவிட்டு மூன்றாம் நாள் அதைத் தேடுகிறோம்.

முதலில் உலோகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் நம் ஊர்க் கார்களில் இருந்தவை எல்லாம் எஃகுச் சக்கரங்கள். டயர் கடையில் இன்றும் இவற்றை 'டிஸ்க்' என்றுதான் சொல்வார்கள். கருப்பு அல்லது வெள்ளிப் பூச்சு, அதன்மேல் பிளாஸ்டிக் மூடி. கடப்பாரை பட்டாலும் கீறல் வெளியே தெரியாது. பள்ளத்தில் விழுந்து வளைந்தால் 'டிஸ்க் பெண்ட்' எடுக்கும் கடையில் நிமிர்த்தித் தருவார்கள். எஃகு வளையும், மறுபடி நிமிரும்; அது பொறுத்துக்கொள்ளும் உலோகம்.

அலாய் சக்கரம் அப்படியில்லை. அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கானும், மிகச் சிறிதளவு மெக்னீசியமும் கலந்து வார்ப்பது. ஏ356 என்பது இந்தக் கலவைக்குத் தொழிலில் வழங்கும் பெயர். வார்த்தபின் சுமார் 540 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, நீரில் தோய்த்து, பிறகு குறைந்த வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து எடுப்பார்கள். சக்கரத்தின் பலம் இந்த வெப்பப் பதத்தில்தான் இருக்கிறது. வார்ப்பு அலுமினியம் கொஞ்சம்தான் வளையும். அதற்குமேல் விரிசல் விடும். அதன் மேற்பூச்சு இன்னும் மென்மையானது. இப்போது பல கார்களில் வரும் 'டயமண்ட் கட்' சக்கரங்களில், முகப்பை லேத்தில் கடைந்து உலோகத்தின் மினுமினுப்பை அப்படியே விட்டு, மேலே நிறமற்ற லாக்கர் மட்டும் பூசியிருப்பார்கள். அந்த லாக்கர் ஓரிடத்தில் கிழிந்தால் போதும், ஈரம் உள்ளே நுழைந்து பூச்சுக்கும் உலோகத்துக்கும் இடையே வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோல அரித்துக்கொண்டே போகும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று உப்புக்காற்று வீசும் ஊர்களில் இந்த அரிப்பு விரைவாகவே பரவும். ஆகவே அரிசி மணி அளவு வெட்டைக் காட்டி "இதுக்கா சார் வந்தீங்க" என்று கேட்பவர், அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு அதே இடம் எப்படி இருக்கும் என்பதை மறந்துவிட்டுக் கேட்கிறார்.

தமிழ்நாடு டயருக்குப் பேர்போன மாநிலம். 1946இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். இன்று ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. டயர், தேர்வாய் கண்டிகையில் மிஷ்லின் என்று ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. சென்னை பாடியில் சக்கரமே செய்கிறார்கள். இவ்வளவு கவனமாகச் செய்யப்படும் டயரும் சக்கரமும் ஒன்றுசேரும் இடம் தெருமுனைக் கடை. அந்த இடத்தில் கவனத்தின் அளவு சட்டென்று இறங்கிவிடுகிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இயந்திரத்தின் மேல் நடப்பது

டயரின் உள்விளிம்பில் எஃகுக் கம்பிகளால் ஆன ஒரு வளையம் பொதிந்திருக்கும். கடைக்காரர்கள் அதை 'பீடு' என்பார்கள். காற்றடித்ததும் இந்த வளையம் சக்கரத்தின் ஓரத்தில், சற்றே சாய்வான ஒரு படியில் ஏறி இறுகிக்கொள்ளும். கார்ச் சக்கரத்தில் அந்தச் சாய்வு 5 டிகிரி. டியூப் இல்லாத டயரில் காற்று வெளியேறாமல் காப்பது இந்த இறுக்கம்தான். டயரைக் கழற்றுவது என்றால், முதலில் இந்த இறுக்கத்தை உடைக்க வேண்டும்.

இயந்திரத்தின் பக்கவாட்டில் மண்வெட்டி போன்ற ஒரு தகடு இருக்கும். சக்கரத்தை அதற்கும் இயந்திரத்துக்கும் நடுவே நிறுத்தி, பெடலை மிதித்தால் காற்றழுத்தத்தில் அந்தத் தகடு டயரை உள்ளே தள்ளும். தகட்டை ரப்பர்மேல் வைக்க வேண்டும். ஒரு விரற்கடை தவறி விளிம்பை ஒட்டி வைத்தால், அலுமினிய விளிம்பின்மேல் அந்த முழு விசையும் இறங்கும். பெரும்பாலும் இது உட்பக்க விளிம்பில் நடக்கும்; வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தால்தான் தெரியும். டயரில் காற்றழுத்தம் காட்டும் சென்சார் உள்ள வண்டிகளில், வால்வு இருக்கும் இடத்தில் தகடு அழுந்தினால் சென்சாரும் போகும்.

அடுத்து, சுழலும் மேசையில் சக்கரத்தைப் படுக்கவைத்து நான்கு இரும்புத் தாடைகளால் பிடிப்பார்கள். எஃகு டிஸ்க்கை உள்ளிருந்து வெளிநோக்கிப் பிடிக்கலாம். அலாய் சக்கரத்தை வெளியிலிருந்துதான் பிடிக்க வேண்டும், தாடைகளுக்குப் பிளாஸ்டிக் உறையும் போட வேண்டும். அந்த உறை தேய்ந்தோ, கழன்றோ, எங்கோ உருண்டோ போயிருக்கும். அப்போது விழும் தழும்பு நான்கு இடத்தில், சரியாகக் கால் வட்டத்துக்கு ஒன்றாக இருக்கும்.

பிறகு மேலிருந்து வாத்துத் தலை போன்ற ஓர் இரும்புத் தலை இறங்கி, விளிம்புக்குப் பக்கத்தில் நிற்கும். அது சக்கரத்தைத் தொடக்கூடாது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பூட்ட வேண்டும். அந்தத் தலைக்கும் அடியில் பிளாஸ்டிக் துண்டு உண்டு. பூட்டு தளர்ந்த பழைய இயந்திரத்தில், அல்லது பிளாஸ்டிக் தேய்ந்துபோன தலையில், மேசை சுற்றச் சுற்ற இரும்பு அலாய்மேல் வட்டமாகக் கோடு போடும். என் சக்கரத்தில் இருந்த முக்கால் வட்டக் கோட்டை அங்கே நின்றபோதுதான் புரிந்துகொண்டேன். கம்பாஸ் வைத்து வரைந்ததுபோல ஒரே அளவு தூரத்தில் எந்தச் சாலைக் கல்லும் கோடு போடாது.

இனி லீவர். பீட்டைத் தூக்கி வாத்துத் தலையின்மேல் ஏற்றும் இரும்புக் கம்பி. சக்கரத்தின் நடுவில் ஒரு பள்ளம் இருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். டயரின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினால்தான் எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைக்கும், லீவருக்கு வேலை எளிதாகும். தொழில் தெரிந்தவர் எதிர்ப்பக்கத்தை முழங்கையாலோ முட்டியாலோ அழுத்திப் பிடித்துக்கொண்டு, லீவரை இரண்டு விரலால் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன், சத்தமே வராது. தெரியாதவர் முழு உடம்பையும் லீவரில் போடுவார். அது வழுக்கும் கணத்தில் விளிம்பில் அரிசி மணி விழுகிறது.

டயரின் பக்கச்சுவர் குட்டையாகக் குட்டையாக இந்த வேலை கடினமாகிக்கொண்டே போகிறது. 225/40 என்று டயரில் எழுதியிருந்தால், அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 40 சதவீதம், அதாவது வெறும் 90 மில்லிமீட்டர். கையால் வளைக்க ரப்பரே இல்லை. காற்று போனாலும் ஓடும் 'ரன்ஃபிளாட்' டயரில் பக்கச்சுவர் இன்னும் விறைப்பு. ஜெர்மனியில் அந்நாட்டு ரப்பர்த் தொழில் சங்கம் இத்தகைய டயர்களைக் கழற்றும் இயந்திரங்களுக்கும், அவற்றை இயக்குவோரின் பயிற்சிக்கும் தனியே சான்றிதழ் வைத்திருக்கிறது. லீவரே தேவைப்படாத இயந்திரங்களும் வந்துவிட்டன. நம் ஊரில் 12 அங்குல டயருக்காக வாங்கிய இயந்திரத்தில் 18 அங்குலச் சக்கரத்தையும் ஏற்றுகிறோம்.

பாலன்சிங்கில் வேறொரு சிக்கல். விளிம்பில் சுத்தியால் தட்டி மாட்டும் கிளிப் எடைகள் எஃகுச் சக்கரத்துக்கானவை. அலாய்மேல் மாட்டினால் பூச்சு உடைந்து அந்த இடத்திலிருந்தே அரிப்பு தொடங்கும். உட்புறம் ஒட்டும் எடைகளைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இருசக்கர வண்டிக்காரர்களின் கஷ்டம் தனி. பஞ்சர் கடையில் இயந்திரம் இருக்காது. சக்கரத்தைத் தரையில் போட்டு, காலால் மிதித்து, இரண்டு லீவரால் நெம்புவார்கள். பிரேக் டிஸ்க் உள்ள பக்கம் கீழே இருந்தால் அந்த மெல்லிய தட்டு வளையும். அடுத்த நாள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பிரேக் பிடி விரலில் துடிக்கும். "டயர் மாத்தினதுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்பார்கள். இதுதான் சம்பந்தம்.

கடைசியாக, நட்டு. எல்லாக் காயங்களிலும் ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத இந்தக் காயம். சாதாரணக் கார்களுக்கு நட்டை இறுக்க வேண்டிய அளவு சுமார் 90 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை. வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். காற்றில் ஓடும் கன் அதைவிடப் பல மடங்கு இறுக்கக்கூடியது. கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று இழுத்துவிட்டு நகர்ந்தால், நட்டு உட்காரும் கூம்புக் குழி நசுங்கும். போல்ட் இழுபட்டு நீளும். பிரேக் தட்டும் சீராக உட்காராமல் ஸ்டியரிங் அதிரும். சரியான முறை, கையால் மரை ஏற்றி, எதிரெதிர் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, முடிவில் டார்க் ரெஞ்சால் அளவு பார்ப்பது. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கிய நட்டின் விளைவு இரவு நெடுஞ்சாலையில் தெரியும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னி மாட்ட நினைக்கும் ஒரு பெண்ணோ, வயதானவரோ, வண்டியோடு கொடுத்த சிறிய ஸ்பேனரால் அந்த நட்டை அசைக்கவே முடியாது. வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் உபரிச் சக்கரம் விற்கத் தொடங்கிய டேவிஸ் சகோதரர்களின் நிறுவனப் பெயர்தான் நம் ஊரில் 'ஸ்டெப்னி' என்று நிலைத்துவிட்டது. மாட்ட முடியாத ஸ்டெப்னியால் யாருக்கு என்ன பயன்?

தழும்பைப் படிப்பது

"ஏற்கெனவே இருந்தது" என்ற சொல்லுக்குப் பதில் அந்தத் தழும்பிலேயே எழுதியிருக்கிறது.

நடைபாதைக் கல்லில் உரசிய காயம் விளிம்பின் வெளிமுனையில், வட்டத்தின் போக்கிலேயே நீளும். ஒரு சாண், இரண்டு சாண்கூட இருக்கும். சொரசொரப்பாக, கல் துகள் பொதிந்து, ஒரே திசையில் பல கீறல்களாக இருக்கும். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், ஓரம் கட்டும்போது கல்லில் படுவது பெரும்பாலும் இடப்பக்கச் சக்கரங்கள். பள்ளத்தில் விழுந்த காயம் வேறு மாதிரி: விளிம்பு உள்நோக்கித் தட்டையாகியிருக்கும், டயரின் பக்கச்சுவரில் சில சமயம் கட்டிபோல ஒரு வீக்கமும் இருக்கும்.

லீவர் போட்ட காயம் குட்டையானது, ஆழமானது. வட்டத்தின் போக்கில் ஓடாமல் குறுக்கே விழுந்திருக்கும். டயருக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள உள்முனையில் இருக்கும். சாலையில் எந்தக் கல்லும் அந்த இடத்துக்குள் நுழைய முடியாது. கால் வட்டத்துக்கு ஒன்றாக நான்கு என்றால் தாடை. விட்டு விலகாத வட்டக் கோடு என்றால் வாத்துத் தலை. நட்டுக் குழியைச் சுற்றிப் பூச்சு வட்டமாகப் பெயர்ந்திருந்தால் கன்னின் சாக்கெட். நான்கு சக்கரத்திலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரித் தழும்பு இருந்தால், சாலைமேல் பழி போடவே முடியாது.

காயத்தின் வயதையும் ஓரளவு சொல்லலாம். புதிதாக வெட்டுப்பட்ட அலுமினியம் பளீரென்று வெண்மையாக இருக்கும். நாள் ஆக ஆக பிரேக் தூள் கரியாகப் படியும், சேறு காயும், ஓரத்துப் பூச்சு மெல்ல உரியும். அழுக்குச் சக்கரத்தில் ஒரு வெட்டு மட்டும் பளிச்சென்று இருந்தால், அது அன்றைய வெட்டு. ஆனால் இந்தச் சாட்சி சீக்கிரம் மங்கிவிடும். ஒரு மழையில் ஓடினாலோ, ஒரு முறை கழுவினாலோ, அதன் பாதி போய்விடும். மூன்றாம் நாள் ஈரத்துணியால் துடைத்த நான், என் சாட்சியை நானே துடைத்தேன்.

கடைக்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். டயரைக் கழற்றினால்தான் சில காயங்கள் வெளியே வரும். உட்புற விளிம்பில் மயிரிழை விரிசல், பீடு உட்காரும் படியில் அரிப்பு, முன்பு எங்கோ வெல்டிங் செய்து பெயின்ட் பூசி மறைத்த இடம், இவையெல்லாம் வருடக்கணக்கில் ரப்பருக்குள் ஒளிந்திருந்துவிட்டு, அன்று டயர் கழற்றியவர் தலையில் விழும். பழைய பெயின்ட் பூச்சு, எடையை உரித்தெடுக்கும்போது தானே கழன்று வருவதும் உண்டு. நான் பேசிய ஒரு பட்டறைக்காரர், வாடிக்கையாளர் இடித்துக்கொண்டு வந்த சக்கரத்துக்கு இரண்டு முறை பணம் கொடுத்ததாகச் சொன்னார். "சண்டை போட்டா கடை முன்னாடி கூட்டம் கூடும் சார், அதான்" என்றார். வண்டி வந்தவுடன் பார்த்துக் குறிக்காததால் அடிபடுவது அவரும்தான்.

கார் நிறுவனங்களின் சர்வீஸ் நிலையங்களில் வண்டியை உள்ளே எடுக்கும் முன் ஒருவர் சுற்றிவந்து, ஜாப் கார்டில் அச்சிட்ட கார்ப் படத்தில் கீறல்களையும் நெளிவுகளையும் குறித்து நம்மிடம் கையெழுத்து வாங்குகிறார். டயர் கடையில் அந்தப் பழக்கம் ஏன் வரவில்லை? அரை மணி நேர வேலைதானே என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் சர்வீஸ் நிலையத்தில் ஆயில் மாற்றும்போது சக்கரத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. டயர் கடையின் அந்த அரை மணி நேரத்தில்தான் சக்கரம் இரும்புத் தாடைக்குள் போய்வருகிறது.

சட்டம் யார் பக்கம்

"ஓனர் ரிஸ்க்" என்று பலகை வைத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டிலிருந்தே வேறு மாதிரி சொல்கிறது. ஒரு வேலைக்காக நம் பொருளை இன்னொருவர் கையில் நம்பிக் கொடுக்கிறோம், வேலை முடிந்ததும் அவர் திருப்பித் தர வேண்டும். இது 148ஆம் பிரிவு சொல்லும் ஒப்படைப்பு. அப்படி வாங்கியவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் காட்ட வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. அந்தக் கவனத்தைக் காட்டியிருந்தால் மட்டுமே அவருக்குப் பொறுப்பு இல்லை. காட்டினேன் என்று விளக்கும் கடமையும் அவருடையதே.

இதைத் தெளிவாக்கிய தீர்ப்பு ஒன்று உண்டு. 1998இல் டெல்லியில் தாஜ் மகால் ஓட்டலுக்கு வந்த விருந்தினர் ஒருவர், காரை நிறுத்துவதற்காகச் சாவியை ஓட்டல் ஊழியரிடம் கொடுத்தார். இரவு திரும்பி வந்து கேட்டபோது கார் திருடு போயிருந்தது. நிறுத்தும் பொறுப்பு விருந்தினருடையது என்று ரசீதில் அச்சிட்டிருந்தது. 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம், தன் ஊழியரின் கவனக்குறைவால் வந்த இழப்பிலிருந்து அப்படி ஒரு வாசகத்தைக் காட்டி ஓட்டல் தப்ப முடியாது என்று கூறியது. அங்கே போனது முழுக் கார், இங்கே சக்கரத்தின் ஓர் ஓரம். ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த அந்தக் கணத்தில் பிறக்கும் கடமை ஒன்றுதான்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது சேவைக் குறைபாடு. நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர் 'வணிகம் செய்பவர்' என்று ஒதுக்கப்பட மாட்டார். சுயதொழிலில் வாழ்க்கை நடத்துபவரை இந்தச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. அதற்கு முன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். ஆணையம் புகாரை முடிக்கச் சட்டம் சொல்லும் மூன்று மாதக் கெடு நடைமுறையில் நீள்வது வழக்கம். ஒரு கீறலுக்காக ஆணையப் படி ஏறச் சொல்ல எனக்கும் மனமில்லை. ஆனால் விரிசல் விட்ட சக்கரத்துக்கும், உடைந்த சென்சாருக்கும் ஏறத்தான் வேண்டும்.

இன்ஷூரன்ஸ் இங்கே அவ்வளவு உதவாது. ஒவ்வொரு கிளெய்முக்கும் 1,500 சி.சி. வரையுள்ள கார்களில் முதல் 1,000 ரூபாயும், அதற்கு மேல் 2,000 ரூபாயும் நாம் ஏற்க வேண்டும். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த தள்ளுபடியும் போய்விடும். ஒரு சக்கரத்துக்காக அதைக் கைவிடுவது பெரும்பாலும் நஷ்டம்.

பழுது பார்ப்பதில் ஓர் எச்சரிக்கை. மேற்பூச்சுக் கீறலைத் தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம், அதில் தவறில்லை. வளைந்த அலாயை கேஸ் விளக்கால் சூடாக்கி நிமிர்த்துவதையும், விரிசலை வெல்டிங் செய்வதையும் ஏற்காதீர்கள். முன்பு சொன்ன வெப்பப் பதம் அந்த இடத்தில் கெட்டுவிடும். பார்வைக்கு முழுமையாகத் தெரிந்தாலும், அந்தச் சக்கரத்தை நூறு கிலோமீட்டர் வேகத்தில் நம்ப முடியாது.

லாரிச் சக்கரத்தைச் சொல்லாமல் சக்கரக் காயம் பற்றிய பேச்சு முழுமையாகாது. நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரிப் பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்கு 'லாக் ரிங்' தெரியும். டியூப் டயரைச் சக்கரத்தில் நிறுத்திப் பிடிக்கும் எஃகு வளையம் அது. சுத்தியலடியில் நெளிந்த வளையத்தையோ, துருவேறிய பள்ளத்தையோ பார்க்காமல் காற்றடித்தால், வளையம் தெறித்து வந்து ஆளையே அடித்துவிடும். அமெரிக்கா இதற்காகவே 1980இல் தனி விதி கொண்டுவந்தது: கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும், வளைந்த பாகத்தை மறுபடி பயன்படுத்தவே கூடாது. காருக்குச் சக்கரக் காயம் பணச் செலவு; அங்கே அது காற்றடிக்கும் தொழிலாளியின் உயிர்.

என் விஷயம் எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். வட்டக் கோட்டைப் புரிந்துகொண்டபின் மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். உரிமையாளரைக் கூட்டிக்கொண்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய், வாத்துத் தலையின் அடியில் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். பிளாஸ்டிக் துண்டு இருந்த இடத்தில் வெறும் இரும்பு. அவர் மறுக்கவில்லை. பூச்சு வேலைக்கான பணத்தைத் தருகிறேன் என்றார். பிறகு, டயர் மாற்றிய பையனைக் காட்டி, "இவன் சம்பளத்துல பிடிச்சுக்கறேன்" என்றார். பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. துணியில் கையைத் துடைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பணம் எனக்கு வேண்டாம் என்றேன். தேய்ந்த துண்டை வாங்கிப் போட வேண்டியவர் உரிமையாளர். பயிற்சி தர வேண்டியவரும், டார்க் ரெஞ்ச் வாங்கி வைக்க வேண்டியவரும் அவரே. தொழிலாளியின் கவனக்குறைவுதான் காரணம் என்று அவரிடம் விளக்கம் கேட்டு முடிவு செய்யாமல், நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்பது 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டம் முதலே இருக்கும் நெறி. அரை மணிக்கு ஒரு வண்டி என்று விரட்டும் இடத்தில், பிளாஸ்டிக் இல்லாத இயந்திரத்தில் வேலை செய்தவனைக் குற்றவாளியாக்குவது அநியாயம். சிறிது நேரம் பேசியபின் உரிமையாளர் தன் கல்லாவிலிருந்தே பணம் எடுத்துத் தந்தார்.

அடுத்த முறை டயர் மாற்றப் போகிறவர்கள், சாவியைக் கொடுக்கும் முன் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வாருங்கள். நான்கு சக்கரத்தையும் நேராக ஒன்று, சாய்வாக ஒன்று என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கடையை விட்டு நகராமல், பாலிஷ் பூசும் முன், அதே கோணத்தில் மறுபடி எடுங்கள். தழும்பு இருந்தால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஈடு பேசும்போது, அது யாருடைய சம்பளத்திலிருந்து வரப்போகிறது என்பதையும் தயவுசெய்து கேட்டுவிடுங்கள்.